சிலிண்டரின் கழுத்து

அத்தியாயம் 5

“அண்ணே, பொண்ணு பார்க்க வந்தீங்களா, துப்பறிய வந்தீங்களா? அந்த இரும்பை இவ்வளவு நேரமா மூஞ்சியோட மூஞ்சி வச்சுப் பார்க்கிறீங்களே!”

நாகரத்தினம் திரும்பவில்லை. தேயிலைத் தொழிற்சாலையின் பின்பக்கக் கொட்டகையில், ஆள் உயர ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். மீசை அதில் உரசும் தூரத்தில் முகம்.

மனுஷர் வெள்ளைக்காரன் காலத்தில் தாப்பாவில் துப்பறியும் மாத்தாவாக, அதாவது போலீஸாக இருந்தவர். ஜப்பான்காரன் வந்ததும் வேலை போயிற்று. இப்போது ரிங்லெட்டுக்கு மேலே மரவள்ளி நட்டுக்கொண்டிருக்கிறார். நான் மேவிஸ். எங்கள் வெள்ளைப்பாறைத் தோட்டத்து ஆபீசில் டெலிபோன் எடுத்துக்கொண்டிருந்தேன். ஜப்பான் பாஷை படிக்க உட்கார வைத்தார்கள். நாக்கு நன்றாகப் புரள்கிறது என்று மொழிபெயர்ப்புக்கு வைத்துக்கொண்டார்கள். கோழித் திருட்டு, பானைத் திருட்டு என்று அவர் கிளம்பினால் நானும் கூடப் போவேன். மூளை அவருக்கு, வாய் எனக்கு என்று தொழிலாளர் லயத்தில் பேசிக்கொள்வார்கள்.

இந்தத் தடவை கோழி இல்லை. நேற்றுக் காலை இந்தச் சிலிண்டரைத் திறந்தபோது வெடித்து, என் தம்பிக்குக் கையாளாக இருந்த தங்கையா அண்ணன் செத்துப்போனார். என் தம்பி கிரகரியைச் சதிகாரன் என்று ஸ்டோரில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் ராணுவ லோரி மலை இறங்கும். அதில் ஏற்றப்பட்டவன் யாரும் இதுவரை திரும்பி வந்து கதை சொன்னதில்லை. அதனால்தான் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

“நேத்து நடந்ததை இன்னொரு தடவை சொல்லு” என்றார்.

“தேயிலை காய வைக்கிற அடுப்போட இரும்புக் கதவு விரிசல் விட்டுப் போச்சு. அதை ஒட்ட வைக்கணும்னு ஈப்போவிலேர்ந்து ரெண்டு சிலிண்டர் வந்துச்சு. முந்தாநாள் கிரகரி திறந்து வேலை பார்த்தான். ஒண்ணும் ஆகல. சாயங்காலம் அதோட வாயில மாட்டுற அழுத்த மீட்டரைக் கழட்டி வீட்டுக்குக் கொண்டு வந்துட்டான், திருட்டுப் போயிரும்னு. நேத்துக் காலையில அதைக் கொண்டு வந்து இங்க வச்சுட்டு, கார்பைடுக்குத் தண்ணி எடுக்கப் போனான். அதுக்குள்ள எவனோ ஜப்பான்காரன் ‘சீக்கிரம், சீக்கிரம்’னு கத்தியிருக்கான். தங்கையா அண்ணன் தானே மீட்டரை மாட்டித் திறந்துட்டாரு. டமால்.”

“ஆக, வெடிக்கும்போது உன் தம்பி இங்க இல்ல. சார்ஜன்ட் மொரிதாவுக்கு அது போதும்.”

“அவன் தண்ணி எடுக்கப் போனது குத்தம்னா, நம்ம தோட்டத்துல பொம்பளைங்க எல்லாரும் சதிகாரிங்கதான்.”

அவர் சிலிண்டரின் வயிற்றில் தட்டினார். காலியாக ஒலித்தது.

“இங்க பாரு. வெடி வச்சிருந்தா இது சுக்குநூறாப் போயிருக்கும். உடம்புல ஒரு கீறல் இல்ல. கழுத்து மட்டும் கருகியிருக்கு. மீட்டர் மட்டும் சிதறியிருக்கு. சிலிண்டர் வெடிக்கல மேவிஸ். வால்வுக்கும் மீட்டருக்கும் நடுவுல எதுவோ பத்திக்கிச்சு.” பிறகு குனிந்து, பலமாக ஊதினார்.

தேயிலைத் தொழிற்சாலையில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் தூசிக்கு வராது. பஞ்சு மாதிரி பழுப்புத் தூசி உத்தரம், ஜன்னல், மனுஷத் தலை என்று எல்லாவற்றிலும் படியும். அவர் ஊதியதும் சிலிண்டர் மேல் படிந்திருந்தது பறந்துபோயிற்று. ஆனால் கழுத்திலிருந்து அடிவரை, விரல் அகலத்துக்கு ஒரு கோடு மட்டும் அசையாமல் ஒட்டிக்கொண்டு நின்றது.

“ஏதோ வழிஞ்சு இறங்கியிருக்கு” என்றேன். கேலி போன இடம் தெரியவில்லை.

அவர் அதை விரலால் தேய்த்து மோந்தார். என் மூக்கிலும் வைத்தார். அடக் கடவுளே! தேங்காய் எண்ணெய். அந்த வாசனையை நான் மறந்தே போயிருந்தேன். எல்லார் வீட்டிலும் செம்பனை எண்ணெய்தான், அதுவும் கிடைத்தால். தொட்டால் கையெல்லாம் சிவப்பாகிவிடும்.

“இதுல சிவப்பே இல்ல” என்றார் அவர்.

“அண்ணே, ஆக்சிஜனுக்கு எண்ணெய் ஆகாது!” எனக்குக் குரல் கிறீச்சிட்டது. “கிரகரி மனப்பாடமாச் சொல்வான். நெருப்பே வேணாமாம். அந்த வேகத்துல வர்ற காத்து பட்டாலே எண்ணெய் பத்திக்குமாம். காஸ் வேலை இருக்கிற நாளுல தலைக்குக்கூட எண்ணெய் வைக்க மாட்டான். சாம்பல் போட்டுக் கையைத் தேய்ச்சுத் தேய்ச்சு, தோலே போயிரும்போல இருக்கும். அவன் இதைச் செஞ்சிருக்க மாட்டான்.”

“அவன் செய்யலன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். யாரு செஞ்சதுன்னு தெரியணும். இந்த மலையில தேங்கா எண்ணெய் யாருகிட்ட இருக்கு?”

அதைச் சொல்ல டெலிபோனா வேண்டும்!

கள்ளச் சரக்கு விற்கும் கங்காணி வேலப்பன் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

“கொஞ்சம் தேங்கா எண்ணெய் வேணும் கங்காணி” என்றார் நாகரத்தினம்.

“எண்ணெயா? அதெல்லாம் கண்ணால பார்த்தே எவ்வளவு நாளாச்சு! ஊரே காஞ்சு கெடக்குதுலா.”

“ஊரு காஞ்சுதான் கெடக்கு” என்றேன். “உங்க தலை மட்டும் எப்படி இப்படிப் பளபளன்னு இருக்கு? நேத்து ராத்திரி மழை உங்க வீட்டுக்குள்ள மட்டும் பெஞ்சுதா?”

அவர் கை தானாகத் தலைக்குப் போயிற்று. பாதி வழியில் சுதாரித்துக்கொண்டு காதைச் சொறிந்தார்.

நாகரத்தினம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். “நான் இப்ப மாத்தா இல்ல. உங்களைக் காட்டிக் கொடுத்து எனக்கு என்ன ஆகப்போகுது? இந்தப் பொண்ணோட தம்பி உசுரு போகப்போகுது. சமீபத்துல யாருக்குக் கொடுத்தீங்க, அதை மட்டும் சொல்லுங்க.”

வேலப்பன் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். “தங்கையா பொண்டாட்டிக்குத்தான். இராசம்மாவுக்கு. கல்யாணச் சேலையைக் கொண்டாந்து கொடுத்துட்டு ஒரு சின்ன சீசா வாங்கிக்கிட்டுப் போச்சு.”

“ஒரு சேலைக்கு ஒரு சீசாவா! நீங்க நல்லா இருப்பீங்க கங்காணி.”

“நானா கூப்பிட்டேன்? அதுவா வந்து அழுதுச்சுலா!”

லயத்துக்கு இறங்குகிற பாதை முழுக்க என் மனசு குதித்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் குதித்தது. புருஷன் பெண்டாட்டி சண்டை, எண்ணெயை ஊற்றிவிட்டாள், என் தம்பி பிழைத்தான் என்று கதையே கட்டிவிட்டேன். நாகரத்தினத்திடம் சொன்னேன்.

“ஒரு பொம்பளை கல்யாணச் சேலையை யாருக்காகக் கொடுப்பா?” என்று மட்டும் கேட்டார் அவர்.

இராசம்மாக்கா லயத்து வீட்டில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அடுப்பு பற்ற வைத்திருக்கவில்லை. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உன் தம்பி மேல பழி போடுறாங்களாமே மேவிசு. அந்தப் புள்ள இவருக்குச் சோத்தைப் பங்கு போட்டுக் கொடுக்குமே! அதுவா செய்யும்?”

நாகரத்தினம்தான் கேட்டார். “வேலப்பன்கிட்ட எண்ணெய் வாங்கினியாம்மா?”

மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. “ஆமாண்ணே. பூசைக்கு.”

“என்ன பூசை?”

“புது மிசினு வந்தா பூசை போடாமத் தொடலாமா? வெள்ளைக்காரத் தொரை இருந்தப்போகூடத் தேங்கா ஒடைச்சு, பொட்டு வச்சுத்தான் ஓட்டுவாங்க. இந்தத் தடவை ஒண்ணுமே செய்யல. ஜப்பான்காரனுக்கு அவசரம். கிரகரி வேதக்காரப் புள்ள, அதுக்கு என்ன தெரியும்? மொத நாளு அதைத் தொறந்தப்போ நாகம் மாதிரி சீறுச்சாம். இவரு பயந்துட்டாரு. தூக்கத்துல ஒளர்றாரு. அதான் நாமளே செஞ்சிருவோம்னு…”

கொட்டகையைப் பெருக்குவது இராசம்மாக்கா வேலை. நேற்று விடியும்போது விளக்குமாற்றோடு போனவர், அடுப்போரம் வைத்து உருக்கிய எண்ணெய் சீசாவையும் முந்தானையில் கொண்டுபோயிருக்கிறார்.

“ஆளுக்கு வைக்கிற மாதிரி தலைக்கு எண்ணெ வச்சேன். வாயி தொறந்து கெடந்துச்சு. சீறக் கூடாது தாயேன்னு வாயிலயும் கொஞ்சம் விட்டேன். பொட்டு வச்சுக் கும்பிட்டுட்டு, ஜப்பான்காரன் பாத்தா அடிப்பானேன்னு பொட்டைத் தொடைச்சுட்டேன்.”

மீட்டரைக் கழற்றிய சிலிண்டரின் வாய். அதில் எண்ணெய். அதன் மேல் தங்கையா அண்ணன் மீட்டரை மாட்டித் திருகியிருக்கிறார்.

இராசம்மாக்கா என் கையை விடவில்லை. “மேவிசு, நீ படிச்ச புள்ள, ஒண்ணு கேக்குறேன். வந்தது ரெண்டு. எண்ணெ ஒண்ணுக்குத்தான் பத்துச்சு. இன்னொண்ணுக்கு வைக்காம விட்டுட்டேன். அந்தக் குத்தமா இருக்குமோ?”

ஐயோ, இந்தக் கேள்விக்கு எந்தப் பாஷையில் பதில் இருக்கிறது!

“இல்லம்மா. நீ ஒரு குத்தமும் பண்ணல” என்றார் நாகரத்தினம். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

வெளியே வந்ததும் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். “போய்ச் சொல்லிருவோம் அண்ணே. தெரியாமச் செஞ்சது, விபத்துன்னு சொல்வோம்.”

“மொரிதாகிட்ட விபத்துன்னா? ‘எண்ணெய் ஊத்தினது யாரு’ன்னு கேட்பான். பேரைச் சொல்லணும். கிரகரி எறங்குவான், அந்தம்மா ஏறும்.”

“அப்ப என் தம்பி ஏறட்டுமா? அவன் மட்டும் வழியில கெடந்த புள்ளையா?”

ஒரு நிமிஷம் அந்த அம்மாவைக் கொடுத்துவிட நான் தயாராகத்தான் இருந்தேன். என் இடத்தில் நின்று பார்த்துவிட்டு யாராவது என்னைத் திட்டட்டும்.

நாகரத்தினம் மீசையைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். “தங்கையாவை இனிமே யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. தேயிலை உருட்டுற மிஷினுக்கு அவன்தான தினமும் எண்ணெய் போடுவான்? போட்டுட்டு, எண்ணெய் வடியற கையைத் துடைக்காம வந்து மீட்டரை மாட்டிட்டான். என்ன எண்ணெய்னு ஜப்பான்காரன் மூக்குக்குத் தெரியவா போகுது? சதி இல்ல, கவனக் குறைவு. முடிஞ்சுது.”

“பொய்.”

“பொய்தான். ரெண்டு உசுரு நிக்குது அதுல.”

ஆபீஸ் முற்றத்தில் லோரி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. சார்ஜன்ட் மொரிதாவுக்கு நாங்கள் இடுப்பு ஒடியக் குனிந்தோம். நாகரத்தினம் பேசப் பேச நான் ஜப்பான் பாஷையில் சொன்னேன். லோரி ஓட்டி வந்த ஜப்பான் மெக்கானிக்கை மொரிதா கொட்டகைக்கு அனுப்பினான். அவன் போய் அந்தத் தூசிக் கோட்டைச் சுரண்டிப் பார்த்து, மோந்து, திரும்பி வந்து தலையாட்டினான். எண்ணெயும் ஆக்சிஜனும் கூடாது, உண்மைதான் என்றான்.

“இந்தக் கிரகரி மட்டும் ஒழுங்காகச் செய்வான் என்பதற்கு என்ன அத்தாட்சி?” என்றான் மொரிதா.

“இன்னொரு சிலிண்டரைக் கொண்டு வரச் சொல்லுங்க. பழைய மீட்டர் ஸ்டோர்ல இருக்கு. அவனே திறந்து காட்டட்டும்” என்றார் நாகரத்தினம்.

கிரகரியைக் கொண்டு வந்தார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கட்டை அவிழ்த்ததும், எங்களைப் பார்ப்பதற்கு முன்னால் சிலிண்டரைத்தான் பார்த்தான். அதைத் தூணோடு சேர்த்துச் சங்கிலியால் கட்டினான், சாயக் கூடாதென்று. சாம்பல் கேட்டான். கையைத் தேய்த்துக் கழுவி உலர்த்தினான். சுத்தமான காய்ந்த துணியால் வால்வின் வாயைத் துடைத்து, துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மறுபடி துடைத்தான். வாய்க்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, எல்லாரையும் விலகச் சொன்னான். சாவியை ஒரு மயிரிழை திருப்பி உடனே மூடினான். ‘உஸ்’ என்று சீறி உள்ளே இருந்த தூசி பறந்தது. காவலுக்கு நின்றவன் துப்பாக்கியைத் தூக்கிவிட்டான். கிரகரி அவனைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று கை காட்டினான்.

பிறகு மீட்டரை மாட்டினான். அதன் திருகு முழுக்கத் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு, வால்வை மெல்ல, மெல்லத் திறந்தான். முள் நகர்ந்தது. அவ்வளவுதான். குழந்தையைத் தூங்க வைக்கிறவன் மாதிரி நின்றான் என் தம்பி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“சொல்லு மேவிஸ்” என்றார் நாகரத்தினம். “காஸை இந்த மாதிரி பயமும் இல்லாம, அவசரமும் இல்லாம திறக்கத் தெரிஞ்சவன் இந்த மலையில இவன் ஒருத்தன்தான். இந்தக் கை சதி செய்யற கை இல்லன்னு சொல்லு.”

சொன்னேன். அவர் சொன்னது ஒரு பங்கு என்றால் நான் மூன்று பங்காகச் சொன்னேன். ரிங்லெட்டிலிருந்து கோலா தெர்லா வரை இவனை மாதிரி ஆள் கிடையாது, வெள்ளைக்கார இன்ஜினியரே இவனைக் கேட்டுத்தான் சிலிண்டரைத் தொடுவான் என்றெல்லாம் அடித்து விட்டேன்.

மொரிதா சிரித்தான். அவன் பல்லை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. “சதி இல்லை. நல்ல வேலைக்காரன்” என்றான். கிரகரி தோளில் தட்டிக்கூடக் கொடுத்தான். நான் நாகரத்தினத்தின் கையைப் பிடித்து நசுக்கிவிட்டேன்.

மொரிதா மெக்கானிக்கிடம் ஏதோ கேட்டான். அவன் உற்சாகமாகத் தலையாட்டினான். மொரிதா என் பக்கம் திரும்பி, மறுபடி பேசினான். நான் மொழிபெயர்க்கவில்லை.

“என்னம்மா சொல்றான்?” என்றார் நாகரத்தினம்.

மொரிதா இன்னும் நிதானமாக, எனக்குப் புரியவில்லையோ என்று, திரும்பவும் சொன்னான்.

“சியாம்ல… ரயில் போடற எடத்துல பாலம் கட்டுறாங்களாம்” என்றேன். “சிலிண்டர் மலையாக் குவிஞ்சு கெடக்குதாம். பத்திரமாத் திறக்கத் தெரிஞ்ச ஆளு இல்லாம வேலை நிக்குதாம். இந்த மாதிரி ஒருத்தனைத்தான் தேடிக்கிட்டு இருந்தாங்களாம். இந்த லோரியிலேயே அனுப்பறானாம்.”

எங்கள் தோட்டத்திலிருந்து சியாமுக்குப் போனவர்களின் லயத்து வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. யாரிடமிருந்தும் ஒரு சேதி இல்லை. பக்கத்துத் திரிங்காப்பில் ஒருத்தன் மட்டும் அங்கிருந்து ஓடி வந்து சேர்ந்தான். காலரா, பட்டினி, காட்டுக்குள் குழி என்று பிதற்றிக்கொண்டிருந்துவிட்டு அவனும் போய்ச் சேர்ந்தான்.

“இங்க அடுப்புக் கதவு பாதியில நிக்குது, அதைச் சொல்லு!” நாகரத்தினம் பதறினார். “இவன் இல்லாட்டி தேயிலை காயாதுன்னு சொல்லு!”

சொன்னேன். கெஞ்சினேன். முழங்காலிட்டேன். தேயிலையைவிட ரயில் முக்கியம் என்றான் மொரிதா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. என் நிப்போங்கோ பேச்சு மிகத் தெளிவாக இருப்பதாகப் பாராட்டிவிட்டு உள்ளே போய்விட்டான்.

நாகரத்தினம் முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டார். “வழக்கு ஜெயிச்சுட்டோம் மேவிஸ்” என்றார். அப்புறம் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

ஸ்டோர்க்காரர் ஒரு கம்பளியைக் கொண்டு வந்து கிரகரியின் தோளில் போட்டார். லோரியின் பின்பலகையைத் தூக்கி மாட்டினார்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அக்கா, தங்கையா அண்ணன் எண்ணெய்க் கையோட தொட மாட்டாரு” என்று காதோரம் சொன்னான். “நான் சொல்லிக் கொடுத்திருக்கேன். யாரு வச்சது?”

“அவருதான்.”

என்னைப் பார்த்தான். லயத்துப் பக்கம் பார்த்தான்.

“சரி” என்றான். “அவருதான்.”

இன்ஜின் உறுமியது. நான் பின்பலகையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“ஏதாச்சும் நக்கலாப் பேசுக்கா. நீ வாய மூடிக்கிட்டு நின்னா எனக்குப் பயமா இருக்கு.”

“சியாம்ல வெயில் கொளுத்துமாம்” என்றேன். “அங்க போறவனுக்குக் கம்பளி எதுக்குடா? எங்கிட்டக் கொடுத்துட்டுப் போ.”

அவன் சிரித்தான். வீங்கிய கண்ணும் சேர்ந்து சிரித்தது. தோளில் கிடந்த கம்பளியை எடுத்து நிஜமாகவே என் கையில் போட்டுவிட்டான்.

லோரி நகர்ந்தது. திருப்பிக் கொடுக்க ஓடினேன். தாப்பா ரோட்டு வளைவு வரைக்கும்தான் ஓட முடிந்தது.